நடு எங்கே இருக்கிறது?

சமதளச் சாலையில் பழைய கார் ஒன்று நேராக ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டீயரிங்கின் குறுக்குக் கம்பி மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை, டயரில் சத்தமில்லை, வளைவுகளிலும் சொன்னபடி கேட்கிறது. ஐம்பது அறுபது வயதான கார்களை வைத்திருப்பவர்கள் பலரும் என்றாவது ஒருநாள் இந்தக் கோணலைச் சந்தித்திருப்பார்கள்.

இதற்குப் பட்டறைகளில் ஒரு சுருக்கு வழி உண்டு. நடுவில் இருக்கும் நட்டைக் கழற்றி, ஸ்டீயரிங்கை அதன் தண்டிலிருந்து உருவி, தண்டின் நுனியில் ஒன்றிரண்டு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். பத்து நிமிட வேலை. கம்பி நேராகிவிடும், கண்ணுக்கும் நிறைவாக இருக்கும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் காரின் கோளாறு தீர்ந்ததா, ஒளிந்துகொண்டதா என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

இதைப் புரிந்துகொள்ள நம் ஊரிலேயே நல்ல பாடப்புத்தகம் ஒன்று இருக்கிறது: ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த இந்தக் காரை இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்தார். 1960-களில் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் அதை இங்கே தயாரித்து விற்றது. அதன் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். அப்படித் திறந்ததும் முன்சக்கரங்கள், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங்கைச் சுற்றினால் இடவலமாக நகரும் பல் சட்டமான ரேக், அதிலிருந்து இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் போகும் டை ராடுகள் எல்லாம் பகல் வெளிச்சத்தில் கண்முன் நிற்கும். கற்றுக்கொள்ள விரும்புகிறவர் காருக்கு அடியில் படுக்க வேண்டியதில்லை. வெறும் 25 அடி விட்டமுள்ள வட்டத்தில் திரும்பிவிடும் என்பது அந்தக் காரின் பெரும்புகழ். அந்தப் புகழுக்கும் ஸ்டீயரிங்கின் நடுவுக்கும் உள்ள உறவைப் பின்னால் பார்க்கப்போகிறோம்.

கைப்பிடியிலிருந்து வளையத்துக்கு

குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடுவிலுள்ள ஓர் ஆணியில் சுழன்று திரும்பியது. கூர்மையான திருப்பத்தில் வண்டி கவிழும் ஆபத்து அதில் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக் நகரின் வண்டி செய்பவர் கெயோர்க் லாங்கென்ஸ்பெர்கர் வேறு வழி கண்டார். அச்சு அசையாமல் இருக்கும், இரண்டு சக்கரங்களும் தனித்தனி முளைகளில் திரும்பும், ஒரு குறுக்குச் சட்டம் அவற்றை இணைக்கும். அவருடைய லண்டன் முகவர் ருடால்ஃப் ஆக்கர்மான் 1818-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கண்டுபிடித்தவர் பெயர் மறைந்து, இன்றுவரை அது ஆக்கர்மான் வடிவியல் என்றே வழங்குகிறது. திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போகின்றன. ஆகவே உள்சக்கரம் சற்று அதிகமாகத் திரும்ப வேண்டும். சக்கரத்தோடு இணைந்த ஸ்டீயரிங் ஆர்ம் என்னும் சிறு நெம்புகோலைக் கொஞ்சம் சாய்வாக அமைத்தால், இந்த வித்தியாசம் தானாகவே கிடைத்துவிடும். வண்டி நேராகப் போகும்போது இடமும் வலமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல இருந்தால்தான் இந்தக் கணக்கு இரண்டு பக்கத் திருப்பத்துக்கும் சரியாக வரும்.

முதல் மோட்டார் வண்டிகளில் ஸ்டீயரிங் வளையம் கிடையாது. படகின் சுக்கான்போல ஒரு கைப்பிடிதான். கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற வண்டிக்கு முன்சக்கரம் ஒன்றே ஒன்று. இரண்டு முன்சக்கரங்களைச் சரிவரத் திருப்பும் ஏற்பாடு அவருக்கு மனநிறைவாக அமைந்த பிறகே, 1893-இல், நான்கு சக்கர வண்டிக்கு வந்தார். 1894-இல் பாரிஸிலிருந்து ரூவான் நகர்வரை நடந்த மோட்டார் வண்டிப் போட்டியில் ஆல்ஃபிரெட் வாஷெரோன் தன் பனார்டு வண்டியில் வளையத்தைப் பொருத்தி ஓட்டினார். கார் ஒன்றில் ஸ்டீயரிங் வளையம் இடம்பெற்ற மிகத் தொடக்ககால நிகழ்வுகளில் அது ஒன்று.

இந்த மாற்றத்தில்தான் நம் சிக்கலின் விதை இருக்கிறது. கைப்பிடி ஒரே வீச்சில் இடமும் வலமும் போய்வரும். அது எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே சக்கரம் எங்கே பார்க்கிறது என்று தெரிந்துவிடும். வளையமோ ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மூன்று சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. கைக்கு வலு கூடியது, துல்லியம் கூடியது. ஆனால் வளையத்தை எந்த நிலையில் வேண்டுமானாலும் தண்டில் மாட்டலாம் என்றும் ஆகிவிட்டது. ஒரு முழுச் சுற்று தள்ளி மாட்டினாலும் குறுக்குக் கம்பி நேராகவே தெரியும்!

வண்டி ஏன் நேராகப் போகிறது?

சமதளத்தில் கையை லேசாகத் தளர்த்தினாலும் நல்ல கார் நேராகவே போகிறது. வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்புகிறது. அதை நடுவுக்குக் கொண்டுவருவது எது? வளையத்துக்குள் அப்படி இழுக்கும் ஸ்பிரிங் எதுவும் இல்லை. ரேக்கிலும் இல்லை.

விடை டயர் தரையைத் தொடும் இடத்தில் இருக்கிறது. முன்சக்கரம் எந்த அச்சில் இடவலமாகத் திரும்புகிறதோ, அந்த அச்சு செங்குத்தாக இல்லாமல் மேல்முனை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வுக்குக் காஸ்டர் என்று பெயர். அந்த அச்சைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் முட்டும். அதாவது டயரின் பிடிமானம் திருப்பு அச்சுக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டு வருகிறது. விமான நிலையத்தில் பெட்டி வைத்துத் தள்ளும் வண்டியின் சிறு சக்கரங்கள், தள்ளியவுடன் தாமாகப் பின்னால் திரும்பி ஒழுங்காக ஓடுவதும் இதே காரணத்தால்தான். காரில் இதற்கு மேலும் இரண்டு துணைகள் உண்டு. உருண்டு திரும்பும் டயரின் பக்கவிசை அதன் தொடுபரப்பின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் செயல்படுவதால் வரும் முறுக்கம் ஒன்று. திருப்பு அச்சு உள்பக்கமாகவும் சாய்ந்திருப்பதால், திரும்பும்போது காரின் முன்பகுதி சிறிது உயர்ந்து, தன் எடையாலேயே பழைய நிலைக்கு இறங்கப் பார்ப்பது மற்றொன்று.

ஆக, நேர் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு முன் டயர்கள். இடப்பக்க டயரின் விசையும் வலப்பக்க டயரின் விசையும் எந்த நிலையில் சமமாகின்றனவோ, வண்டி அந்த நிலையில் ஓடும். டை ராடுகளும் ரேக்கும் அதை நகர்த்தும் சிறு பல்சக்கரமான பினியனும் தண்டும் அந்த முடிவைச் சுமந்து மேலே கொண்டுவருகின்றன. ஸ்டீயரிங் வளையம் அதை நம் கையில் காட்டுகிறது. வளையம் கோணலாக இருக்கிறது என்றால், கீழே எங்கோ சமநிலை ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறது என்று பொருள். வளையத்தை மட்டும் திருப்பி மாட்டுவது, செய்தி கொண்டுவந்தவரின் வாயை அடைப்பதற்கே சமம்.

மூன்று நடுக்கள்

ஒரு காரில் உண்மையில் மூன்று நடுக்கள் உண்டு. முதலாவது, முன்சக்கரங்கள் இரண்டும் நேராகப் பார்க்கும் நிலை. இரண்டாவது, ரேக் தன் உறைக்குள் இடத்துக்கும் வலத்துக்கும் சம தூரம் போகக்கூடிய நிலை. மூன்றாவது, வளையத்தின் கம்பி நேராக நிற்கும் நிலை. மூன்றும் ஒரே நேரத்தில் கூடினால்தான் ஸ்டீயரிங் நடுவில் இருக்கிறது என்று சொல்ல முடியும்.

வளையத்தைப் பல் தள்ளி மாட்டும்போது முதலாவதும் மூன்றாவதும் கூடிவிடுகின்றன. ரேக் மட்டும் தன் நடுவை விட்டு விலகியே இருக்கிறது. அதனால் என்ன கெடும்?

முதலில், திரும்பும் வட்டம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. ரேக்கின் மொத்த நகர்வு 140 மில்லிமீட்டர் என்று கொள்வோம். சரியான நடுவில் இருந்தால் இடத்துக்கு 70, வலத்துக்கு 70. ரேக் 10 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் ஒரு பக்கம் 80, மறுபக்கம் 60. ஹெரால்டின் பெருமையான அந்த 25 அடி வட்டம் அப்போது இரண்டு பக்கமும் கிடைக்காது. ஒரு பக்கம் வண்டி திரும்ப மறுக்கும். மறுபக்கம் டயர் அளவுக்கு மீறித் திரும்பி, சேசிஸையோ பிரேக் ஹோஸையோ உரசலாம். பிரேக் ஹோஸ் உரசுவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அடுத்தது பள்ளம் மேடுகளில் நடப்பது. சக்கரம் ஏறி இறங்கும்போது சஸ்பென்ஷன் கை ஒரு வில்லை வரைகிறது. டை ராடும் ஒரு வில்லை வரைகிறது. இரண்டு வில்களும் கூடியவரை ஒத்துப்போகும்படி ரேக்கின் இடத்தையும் ராடின் நீளத்தையும் வடிவமைப்பாளர் கணக்கிட்டு வைத்திருக்கிறார். ரேக் ஒரு பக்கம் நகர்ந்தால் ஒரு ராடு நீண்டும் மற்றது குறுகியும் நிற்கும். வில்கள் பொருந்தாமல், பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் தானாகவே கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். அதுவும் இடத்தில் ஒருவிதமாகவும் வலத்தில் வேறுவிதமாகவும் திரும்பும். மோசமான சாலையில் கார் காரணமில்லாமல் அலைபாய்வதுபோலத் தோன்றும்.

சில கார்களில் இண்டிகேட்டரை அணைக்கும் சிறு மேடு தண்டிலேயே இருக்கும். அவற்றில் வளையத்தை மட்டும் தள்ளி மாட்டினால், ஒரு பக்க விளக்கு சீக்கிரமும் மறுபக்க விளக்கு தாமதமாகவும் அணையும். சிறிய விஷயம்தான், ஆனால் தண்டின் நடு வேறு இடத்தில் இருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

புழு வடிவப் பல்லுள்ள ஸ்டீயரிங் பாக்ஸ் பொருத்திய கார்களில் இழப்பு இன்னும் பெரிது. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பிந்தைய மாடல்களில் இருந்ததுபோல, தண்டின் கீழே திருகுபோன்ற புழுவும் அதில் உருளும் உருளையும் சேர்ந்து சக்கரங்களைத் திருப்பும். இந்தப் பாக்ஸ்களை நடுவில் இறுக்கமாகவும் ஓரங்களில் சற்றுத் தளர்வாகவும் செய்வார்கள். கார் தன் வாழ்நாளின் பெரும்பகுதி நேராகவே ஓடுவதால், நடுவில்தான் ஆட்டம் இருக்கக் கூடாது, தேய்மானமும் அங்கேதான் அதிகம். இந்த இறுக்கமான இடத்தை விட்டு விலகிய நிலையில் கார் நேராக ஓடினால், ஸ்டீயரிங்கில் எப்போதும் ஆட்டம் தெரியும். பாக்ஸ் தேய்ந்துவிட்டது என்று நினைத்து மேலேயுள்ள திருகை முடுக்கினால் ஆட்டம் குறையும். ஆனால் வளைவில் திருப்பும்போது பல் அந்த உண்மையான நடுவைக் கடக்க நேரும். அங்கே இறுகிப் பிடித்து, ஸ்டீயரிங் திரும்பி வர மறுக்கும். பல்லும் சீக்கிரம் அழியும். கோணலான வளையத்தில் தொடங்கிய கதை, புது ஸ்டீயரிங் பாக்ஸ் தேடி அலைவதில் போய் முடியும்.

ஒரு சிறு கணக்கு

சரி, வளையத்தைத் தொடாமல் டை ராடைத் திருகிச் சரிசெய்யலாம் என்று முடிவு செய்கிறோம். இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. எளிய எண்களை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

வளையம் ஒரு முழுச் சுற்று சுற்றினால் ரேக் 40 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைப்போம். கார் நேராகப் போகும்போது வளையம் 18 டிகிரி சாய்ந்திருக்கிறது. 18 டிகிரி என்பது ஒரு சுற்றில் இருபதில் ஒரு பங்கு. ஆகவே ரேக் தன் நடுவிலிருந்து 2 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. ரேக்கை நடுவுக்குக் கொண்டுவந்து, சக்கரங்களை நேராகவே வைத்திருக்க வேண்டுமானால், ஒரு டை ராடு 2 மில்லிமீட்டர் நீள வேண்டும், மற்றது அதே 2 மில்லிமீட்டர் குறைய வேண்டும். அங்குலத்துக்கு 20 புரி உள்ள மரை என்றால் ஒரு சுற்றுக்கு 1.27 மில்லிமீட்டர். அதாவது இரண்டு பக்கமும் ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதல், எதிரெதிர் விளைவு தரும்படி. இரண்டு ராடுகளின் மொத்த நீளம் மாறவில்லை. ஆகவே சக்கரங்கள் ஒன்றையொன்று பார்க்கும் கோணமும் மாறாது. ரேக் மட்டும் நடுவுக்கு நகரும்.

இப்போது அவசரத்தில் ஒரே ஒரு ராடை மட்டும் 2 மில்லிமீட்டர் மாற்றினால் என்ன ஆகும்? ஸ்டீயரிங் ஆர்ம் 120 மில்லிமீட்டர் நீளம் என்றால், அந்தச் சக்கரம் கிட்டத்தட்ட 1 டிகிரி திரும்பும். ஆனால் சாலையில் ஓடும்போது அந்த 1 டிகிரியை அது தனியாகச் சுமக்காது. இரண்டு டயர்களின் விசையும் சமமாகும்வரை ரேக் நகர்ந்து, ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். விளைவு, வளையத்தின் கோணல் பாதிதான் குறையும். 18 டிகிரியில் 9 டிகிரி மீதி நிற்கும். இன்னும் போதவில்லை என்று அதே ராடை மேலும் 2 மில்லிமீட்டர் திருகினால் கம்பி நேராகிவிடும். ஆனால் அதற்குள் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 2 டிகிரி விலகியிருக்கும். 13 அங்குல ரிம்மில் அது சுமார் 12 மில்லிமீட்டர் வித்தியாசம்.

முன்சக்கரங்களின் முன்ஓரம் பின்ஓரத்தைவிடச் சற்று நெருங்கியிருப்பதை டோ-இன் என்பார்கள். பின்சக்கரம் இழுக்கும் பழைய கார்கள் பலவற்றில் அது 3 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே கேட்கப்படும். 12 மில்லிமீட்டர் எங்கே, 3 எங்கே! ஒவ்வொரு சக்கரமும் தன் பாதைக்கு 1 டிகிரி சாய்வாக உருளுமானால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டதற்குச் சமம். புது டயரின் ஓரம் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே ரம்பப் பல்லாகிவிடும். கம்பி நேராக இருப்பதால், காரணம் ஸ்டீயரிங் வேலைதான் என்று ஒருவருக்கும் தோன்றாது.

எனவே விதி இதுதான்: கோணலைச் சரிசெய்ய இரண்டு ராடையும் சம அளவில், எதிரெதிராக மாற்றுங்கள். ஒரு ராடை மட்டும் மாற்றினால் அது டோ-இன்னை மாற்றும் வேலையாகிவிடும்.

முதலில் காரணம்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகள். கையை விட்டால் கார் நேராகப் போகிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா? கோணல் எப்போதிருந்து இருக்கிறது?

ஒரு பக்கம் இழுத்தால், கோணல் என்பது நோயின் ஓர் அறிகுறி மட்டும்தான். டயர் காற்றழுத்தம், ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், இடவல டயர்களின் ஏற்றத்தாழ்வு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். முன் டயர்களை இடம் மாற்றிப் போட்டு ஓட்டினால், இழுவையும் பக்கம் மாறுகிறதா என்பது தெரிந்துவிடும். மாறினால் குற்றம் டயர் மேல். நம் சாலைகளில் மழைநீர் வடிவதற்காக நடுப்பகுதி சற்று உயர்ந்திருக்கும். இடப்பக்கம் ஓடும் கார் இயல்பாகவே இடப்பக்கம் சரியப் பார்க்கும், ஸ்டீயரிங் ஒரு நூல் வலப்பக்கம் இருந்தால்தான் நேராகப் போகும். ஆகவே சோதனையைச் சமதளமான, விசாலமான இடத்தில்தான் செய்ய வேண்டும்.

கோணல் ஒரு பள்ளத்தில் விழுந்த பிறகு திடீரென்று வந்தது என்றால், ஏதோ வளைந்திருக்கிறது: டை ராடு, ஸ்டீயரிங் ஆர்ம், சில சமயம் சஸ்பென்ஷன் கை. வளைந்த ராடை நீளம் மாற்றிச் சமாளிக்கக் கூடாது, மாற்றித்தான் ஆக வேண்டும். மெதுவாக, மாதக்கணக்கில் வந்த கோணல் என்றால் தேய்மானத்தைச் சந்தேகிக்கலாம். ஹெரால்டில் ரேக் சேசிஸோடு நேரடியாக இறுக்கப்படுவதில்லை. ரப்பர் மெத்தைகளின் மேல் கிளாம்புகள் பிடித்துக்கொண்டிருக்கும். என்ஜின் ஆயில் கசிந்து அந்த ரப்பர் ஊறி இளகிவிட்டால், ரேக் முழுவதுமே இடவலமாக நகர ஆரம்பிக்கும். ஒருவர் வளையத்தை லேசாக ஆட்ட, இன்னொருவர் பானெட்டைத் திறந்து ரேக்கைப் பார்த்தால் போதும், அது உடனே தெரிந்துவிடும். அதே காரில் முன்சக்கரத்தின் கீழ்த் திருப்பு மூட்டு பித்தளை மரையில் சுழல்கிறது. அதற்குக் கெட்டியான கியர் ஆயில் ஊற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. பலர் கிரீஸ் அடிக்கிறார்கள், அது அடிவரை இறங்காமல் மூட்டு காய்ந்து இறுகுகிறது. இறுகிய மூட்டுள்ள கார் வளைவு முடிந்ததும் நடுவுக்குத் திரும்பாது. அந்தக் காரில் நடுவைத் தேடுவதே வீண் வேலை, முதலில் மூட்டைக் கவனிக்க வேண்டும்.

பின்பக்கத்தையும் மறக்கக் கூடாது. பின் அச்சு கொஞ்சம் கோணலாகத் திரும்பியிருந்தால், அது காரைப் பக்கவாட்டில் தள்ளும். நேராகப் போக முன்சக்கரங்கள் அதே கோணத்துக்குத் திரும்பியே இருக்க வேண்டும். பின் அச்சில் கால் டிகிரி கோணல் இருந்தாலே, நம் கணக்குப்படி வளையத்தில் ஏறக்குறைய 5 டிகிரி தெரியும். லீஃப் ஸ்பிரிங்கின் மேல் அச்சு உட்கார்ந்திருக்கும் அம்பாசடர் போன்ற கார்களில், ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் உடைந்தாலோ புஷ் தேய்ந்தாலோ இது நேரும். முன்பக்கத்தில் எவ்வளவு திருகினாலும் இந்தக் கோணல் தீராது.

நூலும் ரசமட்டமும்

காரணங்கள் நீங்கியபின் சரிசெய்யும் வேலை ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். லேசர் கருவி வேண்டியதில்லை. கொத்தனார் வைத்திருக்கும் நூலும் ரசமட்டமும் மில்லிமீட்டர் அளவுகோலும் போதும்.

ரசமட்டம் வைத்துப் பார்த்த சமதளத் தரையில் காரை நிறுத்துங்கள். டயர்களில் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஓட்டுநரின் எடைக்கு ஈடான சுமை. முன்பக்கத்தை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, இரண்டு டை ராடு எண்டுகளையும் ஸ்டீயரிங் ஆர்மிலிருந்து விடுவியுங்கள். இது அவசியம். சக்கரத்தோடு இணைந்திருக்கும்போது வளையத்தைக் கோடிவரை சுற்றினால், முதலில் முட்டுவது ரேக்கா சக்கரத்தின் தடுப்பா என்று தெரியாது. விடுவித்தபின் வளையத்தை மென்மையாக ஒரு கோடிக்குச் சுற்றி, விளிம்பில் காகித நாடா ஒட்டி அடையாளம் இடுங்கள். மறு கோடிவரை சுற்றுகளை எண்ணிச் சரிபாதியில் நிறுத்துங்கள். ரேக்கின் இரண்டு முனைகளும் உறையிலிருந்து சம நீளம் வெளியே வந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். அதுதான் ரேக்கின் நடு.

இப்போதுதான், இந்த நிலையில்தான், வளையத்தைக் கழற்றி நேராக மாட்டுவது முறையான வேலை. தண்டின் நுனியில் நீளவாக்கில் வெட்டிய நுண்பற்களை ஸ்பிளைன் என்பார்கள். 36 பல் என்றால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி. எனவே அதிகபட்சம் 5 டிகிரி மிச்சம் நிற்கலாம். அதைக் கடைசியில் டை ராடில் பார்த்துக்கொள்ளலாம், அந்த அளவுக்கு ரேக் விலகுவது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வளையத்தை உருவும்போது நட்டை முழுவதும் கழற்றாமல் சில மரை விட்டுவையுங்கள். திடீரென்று விடுபட்டால் முகத்தில் அடிக்கும். தண்டின் நுனியைச் சுத்தியலால் அடிக்கவே கூடாது. விபத்தில் உள்வாங்கும்படி செய்த தண்டுகள் அந்த அடியிலேயே உள்ளே போய்விடும்.

வளையம் அசையாதபடி கட்டிவைத்து, டை ராடு எண்டுகளை மாட்டி, காரைத் தரையில் இறக்குங்கள். முன்சக்கரங்களுக்கு அடியில் கிரீஸ் தடவிய இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் டயர் தரையைப் பிடித்துக்கொள்ளாமல் தாராளமாகத் திரும்பும். காரின் இரண்டு பக்கமும் சக்கர நடு உயரத்தில் நூலைக் கட்டுங்கள். இடப்பக்க நூல் பின்சக்கர நடுவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, வலப்பக்க நூலும் அவ்வளவே தள்ளியிருக்க வேண்டும். முன்சக்கர நடுவிலும் அப்படியே. முன்னும் பின்னும் உள்ள தூரம் வேறாக இருக்கலாம், இடமும் வலமும் வேறாகக் கூடாது. நூல்களுக்கு இடையிலான தூரமும் முன்னும் பின்னும் ஒன்றாக இருந்தால், இரண்டு நூல்களும் காரின் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்கும்.

இனி ஒவ்வொரு முன்சக்கரத்திலும் ரிம்மின் முன்ஓரத்துக்கும் நூலுக்கும் உள்ள தூரம், பின்ஓரத்துக்கும் நூலுக்கும் உள்ள தூரம் இரண்டையும் அளவெடுங்கள். மொத்த டோ-இன் 2 மில்லிமீட்டர் என்று கையேடு சொன்னால், ஒவ்வொரு பக்கமும் முன்ஓரத் தூரம் பின்ஓரத் தூரத்தைவிட 1 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். ரிம் வளைந்திருக்கலாம் என்பதால், சக்கரத்தை அரைச்சுற்று உருட்டி மறுபடி அளந்து சராசரி எடுங்கள். பின்சக்கரங்களையும் இதே நூலில் அளந்துவிடுங்கள், பின் அச்சின் கோணல் அங்கேயே வெளிப்படும்.

லாக் நட்டைத் தளர்த்தி, டை ராடைத் திருகி அளவுக்குக் கொண்டுவாருங்கள். ரேக்கின் ரப்பர் உறையைப் பிடித்திருக்கும் கிளிப்பைத் தளர்த்தாமல் திருகினால் உறை முறுக்கிக் கிழியும். கிழிந்த உறைக்குள் மண் போனால் ரேக் வீணாகும். வேலை முடிந்ததும் இரண்டு பக்கமும் வெளியே தெரியும் மரைகளை எண்ணிப் பாருங்கள். இடவல ராடுகள் ஒரே அளவில் வந்த காரில் அந்த எண்ணிக்கை கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். பெரிய வித்தியாசம் தெரிந்தால் ஏதோ வளைந்திருக்கிறது. பீட்டில் போன்ற கார்களில் இரண்டு ராடும் வடிவமைப்பிலேயே வெவ்வேறு நீளம் என்பதால் இந்தச் சோதனை அங்கே பொருந்தாது. எண்டுக்குள் போதிய மரை இறங்கியிருக்கிறதா என்பதை மட்டும் எல்லாக் காரிலும் பார்த்தே ஆக வேண்டும். அந்தச் சில மரைகளை நம்பித்தான் முன்சக்கரம் இருக்கிறது. லாக் நட்டுகளை இறுக்கி, காரை முன்னும் பின்னும் சில அடி உருட்டி, மறுபடி அளந்த பிறகே சாலைக்குப் போக வேண்டும்.

நேரான வளையம் எதற்கு?

இவ்வளவு பாடும் கம்பி நேராகத் தெரிவதற்கு மட்டும் என்றால், அந்தப் பத்து நிமிடச் சுருக்கு வழியே போதும். சரியாக நடுக்கூட்டிய காரில் கிடைப்பது வேறு. திறந்த மைதானத்தில் இடப்பக்கம் ஒரு முழு வட்டம், வலப்பக்கம் ஒரு முழு வட்டம் அடித்துப் பாருங்கள். இரண்டு வட்டமும் ஒரே அளவாக வந்தால் மூன்று நடுக்களும் கூடிவிட்டன. டயர் சீராகத் தேயும். வளைவில் வளையம் எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரே விசையோடு திரும்பி வரும்.

அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. அன்றுமுதல் அந்த வளையம் ஓர் அளவுகருவியாகிவிடுகிறது. அடியில் எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது அது எங்கே நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒருநாள் பள்ளம் ஒன்றில் இறங்கி ஏறியபின் அது 5 டிகிரி சாய்ந்தால், எங்கோ ஒரு ராடு வளைந்தது, ஒரு புஷ் போனது, அல்லது பின் அச்சு நகர்ந்தது என்று அந்தக் கணமே அறிவீர்கள். எச்சரிக்கை விளக்குகளோ சென்சார்களோ இல்லாத காலத்துக் கார்கள் இவை. தம் உடல்நிலையைச் சொல்ல அவற்றுக்கு இருக்கும் வழிகள் மிகச் சில, அவற்றில் ஸ்டீயரிங்கின் நிலையும் ஒன்று. பல் தள்ளி மாட்டும் ஒவ்வொரு முறையும் அந்த வழியை அடைக்கிறோம். அடியிலிருந்து நடுவைக் கூட்டும்போது அதைத் திறந்து வைக்கிறோம். பழைய காரை இன்னும் பல ஆண்டுகள் பாதுகாப்பாக ஓட்ட விரும்புகிறவர் ஒரு நாள் உழைப்பை இதற்குக் கொடுப்பது முற்றிலும் தகும்.